ஓரகத்தி கட்டிய மண்டபம்

மேடையில் இரண்டு சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இருந்தன. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை இரண்டிலிருந்தும் இன்னும் பிரிக்கவில்லை. பென்னலூரில் என் ஓரகத்தி கட்டிய கல்யாண மண்டபத்தை நான் முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று கண்ணில் பட்டது அதுதான். ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடிகாலையில் கணபதி ஹோமம் நடந்திருந்தது. ஹோமப் புகையோடு புதுப் பெயிண்ட் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அக்கா என் கையைப் பிடித்து மேடைப் பக்கம் அழைத்துப்போனாள்.

"உன் பொண்ணு கல்யாணந்தான் இங்க மொத கல்யாணமா நடக்கணும். அவ வந்து உக்காந்தாதான் இந்தக் கவரைப் பிரிப்பேன். இன்னா சொல்ற?" என்றாள்.

அது சாதாரணக் கேள்வி இல்லை. புது மண்டபத்தில் முதல் ஆளாகக் கல்யாணம் பண்ண யாருக்கும் துணிச்சல் வராது. விசாரிக்க வருகிறவர்கள் வாடகைக்கு முன்னால் கேட்பது, இங்கே யார் கல்யாணம் நடந்தது, அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பதைத்தான். மண்டபத்துக்கு ராசி முக்கியம். அதனால் கட்டியவர்கள் சொந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றை நடத்திக் காட்டிவிட்டுத்தான் வெளியாருக்குத் திறப்பார்கள். அக்காவுக்கு இரண்டும் பையன்கள். பெரியவன் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். என் மூத்தவளுக்கோ நிச்சயம் முடிந்திருந்தது. அக்காவின் நகையெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் குன்றத்தூரில்தான் வேண்டும், மலைக்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று சொன்னேன். பச்சைப் பொய். மாப்பிள்ளை வீட்டார் பரம சாதுக்கள். கூரைக்கொட்டகையில் பந்தி போட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அக்கா "அப்டியா, சரி" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கட்டிக் கொடுக்கச் சுண்டல் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் ஒரே பதில்தான். வயிற்றெரிச்சல். நான் தண்டலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அக்கா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வருஷக்கணக்காகக் காய் நறுக்கினாள், பிறகு பரிமாறினாள். மாமனார் நிலத்தைப் பிரித்தபோது மேட்டுப் பாதி எங்களுக்கு, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம் அவர்களுக்கு. கிடங்கு கட்ட ஆள் வந்ததும் எங்கள் பங்கை விற்று குன்றத்தூரில் ஃப்ளாட் வாங்கலாம் என்று கணவரை அரித்தெடுத்தது நான்தான். அன்றைக்கு என்னைவிடப் புத்திசாலி இந்த ஜில்லாவில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து, கேன்டீன் வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்தை மண்ணடித்து மண்டபம் கட்டப்போவதாக அக்கா சொன்னபோது, நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். கட்டடம் எழும்ப எழும்ப அந்தச் சிரிப்பு போய்விட்டது. அதே நிலத்தில் என் பாதியும் இருந்ததே.

குன்றத்தூரில் நடந்த என் மகள் கல்யாணத்துக்கு அக்கா முதல் நாளே வந்துவிட்டாள். சமையல்காரர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினாள். முகூர்த்தத்துக்கு எங்கள் உறவுப் பையன்கள் பலர் நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்தார்கள். துணி மாற்ற இடம் இல்லை. கை கழுவும் இடத்தில் ஒருவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சட்டை மாற்றினான். நான் அதைப் பார்த்து முகம் சுளித்தேன். அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் என்ன செய்தாள் என்பதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம். ஊருக்குப் போனதும் தன் மண்டபத்தின் பின்பக்கம் வரிசையாகக் குளியலறைகளும், துணி மாற்ற ஓர் அறையும், பையை வைத்துப் பூட்ட அலமாரிகளும் போட்டாள். ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்துக்குச் சூடாக டிபன் தர ஏற்பாடு செய்தாள். என் வீட்டுக் கல்யாணத்தில் பிறந்த யோசனை. அது எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றுவரை மனசு ஆறவில்லை.

எல்லாம் தயார், கல்யாணம்தான் இல்லை. ஏழு மாதம் அந்த மண்டபம் சும்மா கிடந்தது. கணவர் பென்னலூர் போய்விட்டு வரும்போதெல்லாம், "பாவம், புக்கிங் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பேன். இல்லை என்றதும் உச் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நிம்மதியாகத் தாளிப்பேன்.

கடைசியில் முதல் கல்யாணம் ஆடி மாதத்தில் நடந்தது. ஆடியில் யார் கல்யாணம் பண்ணுவார்கள் என்று நான்தான் கேலி பேசினேன். ஊரிலேயே இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பண்ணியது. அவர்களுக்கு ஆடியும் இல்லை, ராசியும் இல்லை. சர்ச்சில் கல்யாணம், அக்காவின் மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போட்டோவுக்கு நின்றார்கள். அந்தப் பேச்சு கம்பெனி பஸ்களில் ஏறி ஒரகடம் முழுக்கச் சுற்றியது. ஆவணி முகூர்த்தம் எல்லாம் நிரம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். அவள் ஏசி போட்டபோது எங்கள் ஃப்ளாட்டில் வியர்த்தது. பள்ளியில் தலைமை ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பதவி உயர்வு என்று நினைத்துப் போனேன். அந்தப் பென்னலூர் மண்டபம் உங்க சொந்தக்காரங்களோடதாமே, என் தங்கை மகளுக்கு ஒரு தேதி வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, பார்க்கிறேன் மேடம் என்று சொல்லி வந்தேன். அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் என் இரண்டாவது மகளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை. அந்த மண்டபம்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். இந்த முறை நிஜமாகவே கேட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். அக்கா டைரியைப் புரட்டினாள். நாங்கள் குறித்த வைகாசி முகூர்த்தத்தில் வேறொரு பெயர் இருந்தது.

"அந்தப் பொண்ணு கம்பெனி லைன்ல வேலை செய்யுது. லீவு சாங்ஷன் வாங்கிட்டுதான் வந்து அட்வான்ஸ் குடுத்துச்சு. இப்ப போயி மாத்த சொன்னா பாவம். வேற நாளு பாக்கலாமா?"

பழி தீர்க்கிறாள் என்று தோன்றியது. இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள்.

"பழசை மனசுல வச்சிக்கிட்டுப் பேசாதீங்கக்கா. அன்னிக்கு மாப்பிள்ளை வீட்ல ஒண்ணும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். போதுமா?"

அக்கா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. முதல் கல்யாணத்துக்குக் கேட்டீர்களே என்று நானே எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

"அதுவா?" என்று சிரித்தாள். "அப்ப நான் யாரைத்தான் வுட்டேன்? ஒரு நாப்பது பேராண்டயாவது கேட்டிருப்பேன். எல்லாராண்டயும், உன் வூட்டுக் கல்யாணந்தான் மொதல்ல நடக்கணும்னு அதே பேச்சுதான். நீ இன்னா சொன்னன்னுகூட ஞாபகம் இல்லியே."

சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பி, மூன்று நாள் தள்ளி ஒரு முகூர்த்தம் காலியாக இருப்பதைக் காட்டினாள். தலையாட்டினேன். என் மகள் பெயரை எழுதினாள். சமையல்கட்டிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

குன்றத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரும்வரை, மற்ற முப்பத்தொன்பது பேர் யார் யாராக இருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர்கள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.