மாத்திரை தரமாட்டேன்னு சொன்ன மெடிக்கல் ஷாப் பொண்ணு

போன வருஷம் ஐப்பசியில ஒரு காலை நேரம், செந்துறையில ஒரு மெடிக்கல் ஷாப்புல நடந்தது இது.

நான் மூணாங்கிளாசோட நின்னவ. ஆனா ஆலத்தியூர் பக்கம் லாரி ஓட்டுற யாரை வேணா கேட்டுப் பாருங்க, என் மெஸ் சாப்பாட்டைப் பத்திச் சொல்லுவாங்க. ஒத்தை அடுப்புல ஆரம்பிச்சு, இன்னிக்கு ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். போன வருஷம் வரைக்கும், ஐம்பத்தெட்டு வயசுலயும் அரிசி மூட்டையை நானேதான் இறக்கினேன். பிரசவத்துக்குத் தவிர அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல.

அப்போ நாலு நாளா ஒரே அசதி. மாவு கரைச்சாக்கூட மூச்சு வாங்குச்சு. தாடையில வலி. கேஸ்தான்னு நானே முடிவு பண்ணி மாத்திரை வாங்கப் போனேன்.

கடையில ஒரு சின்னப் பொண்ணு. அசதி, மூச்சு வாங்குது, தாடை வலின்னு சொல்லி கேஸ் மாத்திரை கேட்டேன். என் நெத்தி வேர்வையையே பார்த்துட்டு, “மாசாமாசம் வர்றது நின்னு எத்தனை வருஷமாச்சும்மா?”ன்னு கேட்டுச்சு. பக்கத்துல என் மெஸ்ல சாப்பிடுற ரெண்டு டிரைவருங்க! எனக்குக் கூசிப்போச்சு.

“ஏன்டி, மாத்திரை விக்கிறியா, என் மானத்தை விக்கிறியா?”

“திட்டுங்க, பரவால்ல. எத்தனை வருஷம்?”

“ஏழு. போதுமா?”

“கேஸ் மாத்திரை தரமாட்டேன்மா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“அக்கா, உங்களையும் அதட்ட ஒரு ஆள் இருக்கே!”ன்னு ஒரு டிரைவர் சிரிச்சாரு.

வேற கடை பார்த்துக்கிறேன்னு திரும்பினேன். ரெண்டு எட்டு வச்சிருப்பேன், கண்ணு இருட்டிடுச்சு. அந்தப் பொண்ணு ஓடி வந்து தாங்கிக்கிச்சு. ஆம்புலன்சுக்கு போன் போட்டு, ஷட்டரை இழுத்து விட்டுட்டு, அரியலூர் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையை விடல.

இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னாங்க டாக்டரம்மா. மாதவிலக்கு நின்ன பிறகு பொம்பளைங்களுக்கும் இந்த ஆபத்து கூடிடுமாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழணும்னு இல்லையாம். அசதி, மூச்சு வாங்குறது, தாடை வலின்னும் வருமாம். மாரடைப்புன்னா ஆம்பளைங்க சமாச்சாரம்னு இருந்தவ நான். மாசத் தொல்லை விட்டுச்சு, இனி உடம்பு என் பேச்சைக் கேட்கும்னு பெருமை வேற.

இப்ப என் மெஸ்ல பாத்திரம் கழுவுற பொம்பளைங்க அசதின்னு உட்கார்ந்தா, யாரு இருக்கான்னு பார்க்காம அதே கேள்வியைச் சத்தமா கேட்கிறேன். முறைக்கிறாளுங்க, திட்டுறாளுங்க. அந்தத் திட்டை வாங்கிக்கிட்டு அசையாம நிக்க எவ்வளவு தைரியம் வேணும்னு இப்பத்தான் புரியுது. அது அன்னிக்கு அந்தச் சின்னப் பொண்ணுக்கு இருந்ததாலதான் இன்னிக்கும் என் அடுப்பு எரியுது.