எட்டத்துக்கு விரல், கிட்டத்துக்குக் குரல்

பிலேந்திரன் அண்ணரின் சாவுச் செய்தி எனக்கு எப்படி வந்து சேரும் என்பதை நான் முன்னமே சொல்லியிருந்தேன். "அண்ணர், நீங்கள் செத்தாலும் அது கனடாவைச் சுத்தித்தான் எனக்கு வரும்" என்று அவருடைய முகத்துக்கு நேரே சொன்னவன் நான். அப்படியே நடந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கோயில் மதில் ஒன்றுதான். ஆனாலும் ரொறன்ரோவிலிருந்து மருமகன் ரெலிபோன் எடுத்து, "மாமா, மைக் பிலேந்திரன் முடிஞ்சுபோனாராம், உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்ட பிறகுதான் மதிலுக்கு அப்பால் அழுகை எழும்பியது என் காதில் விழுந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பிரதேச சபையின் அறிவிப்பாளர். அவருடைய ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டிக்கொண்டு பேசாலை, தலைமன்னார் என்று தீவெல்லாம் திரிந்த ஓட்டோ என்னுடையது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒன்பதுக்குப் போயிருந்தால் வாத்திமார் என்னிடம் படித்திருப்பார்கள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சமாதானம் என்று பெயர் வைத்திருந்த காலத்தில், யாரோ வெளிநாட்டுக்காரர் சபைக்கு ஒரு கொம்பியூட்டரும் இணையப் பக்கமும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் அதைப் பார்க்க ஒருவருக்கும் வசதி இல்லை. பார்த்ததெல்லாம் வெளிநாட்டில் இருந்த நம் சனம். சபைக் கந்தோருக்கு முன்வீட்டு மனுசிக்குத் தண்ணீர்ப் பவுசர் வண்டி வருகிற நாள் லண்டனிலிருந்துதான் தெரியவந்தது. அதைக் கண்டுதான் அண்ணர் தன் முறையை வகுத்தார்: "எட்டத்துக்கு விரல், கிட்டத்துக்குக் குரல்." ஒற்றை விரலால் தட்டி ஏற்றிய அறிவித்தலையே தெருவில் வாசிப்பார். தெருவில் சனம் சொல்லும் முறைப்பாட்டைக் கொண்டுபோய்த் திரும்ப ஏற்றுவார். இந்த யோசனை என்னுடையது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத் தொடக்கியவனும் நான்தான்.

ஒவ்வொரு சந்தியிலும் வாசித்து முடிந்ததும் மைக்கை நிறுத்தி, என்னையும் இஞ்சினை அணைக்கச் சொல்வார். எனக்கு எரிச்சல் வரும். "அறிவிக்கிறது அரைவாசி வேலையடா. காது குடுத்து நிக்கிறதுதான் மிச்சம்" என்பார்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. அதையும் நான் சொல்லியிருந்தேன். ஒலிபெருக்கியில் சபைக் காரியம் மட்டும் பேச ஆமி அனுமதி தந்தது. தண்ணீர், குப்பை, தெருவில் திரிகிற கட்டாக்காலி மாடு. வேறொன்றும் வாய் திறக்கக்கூடாது. அந்த நாட்களில்தான் தலைமன்னார் றீற்றா அக்கா ஓட்டோவை மறித்தார். அவருடைய மகன் ஜெறாட் சந்தைக்குப் போனவன், திரும்பவில்லை.

"தம்பி, என்ர பிள்ளையின்ர பேரை ஒருக்கா மைக்கில சொல்லும்."

"அக்கா, சபைக்கு மாட்டைத் தேடத்தான் உரிமை இருக்கு. மனுசரைத் தேட விடமாட்டாங்கள்" என்றார் அண்ணர்.

அக்கா ஓட்டோக் கம்பியை விடாமல், "அப்ப மாடெண்டே சொல்லும்" என்றார்.

அன்று பின்னேரம் தீவு முழுக்கக் கேட்டது: "சிவலை நாம்பன் மாடு ஒன்று காணாமற் போயுள்ளது. இடது புருவத்தில் தழும்பு. ஜெறா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். கண்டவர்கள் சபைக்கு அறியத்தரவும்."

சோதனைச்சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் அண்ணரை மேலும் கீழும் பார்த்தான். "மாட்டுக்குப் புருவம் இருக்கா?"

"எங்கட மாட்டுக்கு இருக்கு, சேர்."

என் கால் நடுக்கத்தில்தான் இஞ்சின் தானாக ஸ்ரார்ட் ஆனது என்றும் சொல்வார்கள். சிப்பாய் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "போங்க" என்றான்.

அதன் பிறகு தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளைச் சேட்டு உடுத்த நாம்பன், கண்ணாடி போட்ட நாம்பன், மணமுடித்து ஒரு மாதமான நாம்பன். அண்ணர் எல்லாவற்றையும் வாசித்தார், எல்லாவற்றையும் விரலால் ஏற்றினார். "ஊரில மாட்டுக் களவு கூடிப்போச்சோ?" என்று நோர்வேயிலிருந்து ஒருவர் கந்தோருக்கு எடுத்துக் கேட்டார். அண்ணர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார்.

ஒரே ஒரு மறுமொழி வந்தது. இணையப் பக்கத்தின் அடியில், பெயர் இல்லாமல்: "நாம்பன் அக்கரையில் நிற்கிறது. சுகம்." வாசித்து முடியுமுன் கரண்ட் போய்விட்டது. பிறகு தொடர்பும் அறுந்து, அந்தப் பக்கமே இல்லாமற் போனது. நிச்சயமில்லாத ஒன்றைத் தாய்க்குச் சொல்லக்கூடாது என்று அண்ணர் அதை நெஞ்சிலே வைத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிற்கிற பழக்கம்தான். இப்போதும் றீற்றா அக்கா வீட்டடியால் போனால் என் கை தானாக இஞ்சினை அணைக்கும். சத்தம் நின்றதும் அக்கா வேலிப் படலையடிக்கு வந்துவிடுவார். "என்ன தம்பி, ஏதும் வந்ததோ?" என்பார். அண்ணரின் செத்த வீட்டிலும், பெட்டியை மூடப்போகிற நேரம், குனிந்து அவரிடம் அதையே கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு புழுகத் தெரிந்தவன், அந்த நேரம் என் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் இதை எழுதினேன். அக்கா, இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். பதில் வந்ததைப் பிலேந்திரன் உங்களுக்கு மறைத்தார் என்று நீங்கள் ஒரு நாளும் நினைக்கக்கூடாது. கொம்பியூட்டர் இருந்த காலம் முழுக்க, காலையில் கந்தோர் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். மேலே நான் எழுதிய அந்த மறுமொழி நானாகக் கட்டிய கதை. ஒன்றும் வரவில்லை, அக்கா.