லேபிள் அக்கா

“கண்ணை மூடிக்கோங்க.”

எதிர்க் கடை மருந்துக்காரர் மூடிக்கொள்கிறார். தெருவில் பாதிப் பேரின் வியாதி அவருக்கு மனப்பாடம், பேச்சில் அவரை யாரும் மடக்க முடியாது. ஆனாலும் இந்தக் கணினிக் கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். “ஓரக்கண்ணால பாத்தீங்கன்னா எழுந்து போயிடுவேன்” என்று மிரட்டிக்கொண்டே லேபிள் அக்கா விசைப்பலகையைத் தட்டுகிறாள். வேண்டிய பாஸ்வேர்டைத் தேடியெடுத்து, துண்டுத் தாளில் எழுதி, மடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவளே மூடிவிட்ட பிறகுதான் “ம், திறங்க” என்கிறாள்.

இந்தத் தெருவில் யாரும் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. “அக்காகிட்ட இருக்கு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஓய்வூதியம், மின்கட்டணம், தண்ணீர் வரி, பிள்ளைகளின் தேர்வு முடிவு என்று எல்லாவற்றின் சாவியும் அக்காவின் கணினிக்குள் ஒரே பூட்டின் பின்னால் கிடக்கிறது. அந்தப் பெரிய பூட்டைத் திறக்கிற வார்த்தை அவள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கட்டின புருஷனுக்கும் சொன்னதில்லை.

கட்டின புருஷன் அதே கடையில் இன்னொரு பக்கம் நின்று ஜெராக்ஸ் எடுக்கிறவர். எதையும் அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு வீட்டுக்கு ஒரு போல்டர், அதற்குள் அந்த வீட்டுச் சாவிகள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆரம்பத்தில் அக்காவும் அப்படித்தான் வைத்திருந்தாள். வாத்தியார் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனபோதுதான் வம்பு வந்தது. அவள் சாவியை அப்பா போல்டரிலிருந்து எடுத்து மாமனார் போல்டரில் போடுவதா என்று ஜெராக்ஸ்காரர் கேட்டார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அவ என்ன பீரோவா, இந்த வீட்லேருந்து தூக்கி அந்த வீட்ல வைக்க? ஒரு ஆளு ஒரு எடத்துக்கு மட்டுமா சொந்தம்?”

அன்றைக்கே எல்லாப் போல்டர்களையும் கலைத்துவிட்டு லேபிளுக்கு மாறினாள். போல்டர் என்றால் ஒரு சாவி ஒரு பெட்டியில்தான் கிடக்கும். லேபிள் அப்படியில்லை. ஒரே சாவியில் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம், எந்த லேபிளைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வந்து நிற்கும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பெயரே வந்தது.

கணினி படித்தவர்கள் ஒட்டுகிற மாதிரி லேபிள்கள் அல்ல அவை. வாயில் வருவதை அப்படியே ஒட்டுவாள். மருந்துக்காரருக்கு ‘மறப்பார்’ என்று ஒன்று, ‘காலையில கேட்டா எரிஞ்சு விழுவார்’ என்று ஒன்று. வாத்தியாருக்கு ‘சத்தமா படிச்சுக் காட்டணும்’. பிள்ளைகள் எல்லோரும் தூரதேசத்தில் இருக்கிற மாடி வீட்டம்மாவுக்கு ‘சும்மா வருவாங்க, பேச விடு’. வீட்டுக்கு வீடு தனியாக ஒரு லேபிளும் உண்டு: ‘மாடி வீடு’, ‘மூலை வீடு’, ‘பச்சை கேட்’. செத்துப்போனவர்களின் சாவிகளை அழிக்க மனம் வராமல் ‘இவர் இப்ப இல்ல’ என்று ஒட்டி வைத்திருக்கிறாள்.

“எம் மேல என்ன ஒட்டியிருக்க?” என்று ஜெராக்ஸ்காரர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

“‘மெதுவா’ன்னு ஒண்ணு” என்றாள். கொஞ்சம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, “‘என்னுது’ன்னு ஒண்ணு.”

அவர் அன்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த லேபிள் பெருமையெல்லாம் பச்சை கேட் வீட்டு விவகாரத்துக்கு முன்னால். அந்த வீட்டுக்காரன் வேன் ஓட்டுகிறவன். சிரித்த முகம், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவன் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவள். எங்கே போனாலும் அளவு நாடா கழுத்திலேயே தொங்கும், கழற்ற மறந்துவிடுவாள். அவன் சவாரி போயிருந்த ஒரு மதியம் அவள் கடைக்கு வந்து, உட்காராமல், வாசலையே பார்த்துக்கொண்டு பேசினாள். வெளியூரில் சீருடை தைக்கும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், தங்க இடமும் உண்டாம். விண்ணப்பம் போட வேண்டும். பதில் வர ஒரு மெயில் வேண்டும். அவளுக்கென்று போன் கிடையாது.

“இது யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. பதில் வந்துச்சான்னு நானே வந்து பாத்துக்கறேன்.”

கை ஆட்டியபோது முழங்கைக்கு மேலே பழைய காயம் ஒன்று தெரிந்தது. அக்கா புது மெயில் திறந்து, யாராலும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, விண்ணப்பத்தையும் அனுப்பினாள். சாவியைப் பத்திரப்படுத்தும்போது ‘தையல் வேலை’ என்று ஒட்டினாள். ‘சொல்லாதே’ என்று ஒட்டினாள். கையோடு கையாக, எந்த வீட்டுக்கும் ஒட்டுவது போல, ‘பச்சை கேட்’ என்றும் ஒட்டிவிட்டாள். அது பழக்கத்தில் நடந்தது. ஒட்டியது அவளுக்கே நினைவில்லை.

அப்போது மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்று அக்காவைப் பார்க்கும். மற்றொன்று, எழுத்துப் பிழை பார்த்துக்கொள்ளட்டும் என்று, வருகிறவர்களைப் பார்க்கும். வேன்காரன் கரண்ட் பில் கட்ட வந்து உட்கார்ந்தான். அக்கா வழக்கம்போல ‘பச்சை கேட்’டைக் கூப்பிட்டாள். மின்கட்டணம் வந்தது, வேன் காப்பீடு வந்தது, தண்ணீர் வரி வந்தது. நாலாவதாகத் தையல்காரியின் பெயரும் வந்து நின்றது. பக்கத்திலேயே லேபிள்களும் நின்றன.

“இது என்னக்கா, ‘சொல்லாதே’?” என்றான் அவன்.

ஜெராக்ஸ் மிஷின் நின்றது. அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “அது வேற வீட்டு ஆளுது தம்பி. கை தவறி இங்க ஒட்டிக்கிச்சு.”

“எங்க வீட்டுக்காரி பேருல்ல போட்டிருக்கு.”

“அந்தப் பேர்ல ஊர்ல ஒருத்திதானா இருக்கா?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தான். பில்லைக் கட்டினான், நன்றி சொன்னான், போகும்போது கண்ணாடிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கழுத்தில் நாடா இல்லை. இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் துணி சுற்றியிருந்தது. “ஊசி ஏறிடுச்சுக்கா” என்றாள், யாரும் கேட்கும் முன்பே. ஓர் ஊசி நாலு விரலிலுமா ஏறும்? ஜெராக்ஸ்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்ன செய்யணும்னு நீயே சொல்லு” என்றான் வேன்காரன், தணிந்த குரலில்.

“அதை அழிச்சிடுங்கக்கா.”

அவன் திரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். அக்கா மறுபடி ‘பச்சை கேட்’டைக் கூப்பிட்டாள். நாலு வரிகளும் வந்தன. நாலாவது வரியில் கை வைத்தாள். அழிக்கும் பொத்தான் வரைக்கும் போன விரல் அங்கே நின்றது. பிறகு இறங்கி, ‘பச்சை கேட்’ என்ற லேபிளை மட்டும் உரித்தது. லேபிள் போனதும் அந்த வரி பட்டியலிலிருந்து காணாமல் போனது. அந்த வீட்டு லேபிள் இருந்தால்தானே அந்த வீட்டுப் பட்டியலில் நிற்கும்? சாவி மட்டும் உள்ளே எங்கோ பத்திரமாகக் கிடந்தது.

“போயிடுச்சா?”

“பாத்தீங்கல்ல தம்பி.”

திரையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிற ஆள் அவன். திருப்தியாக எழுந்தான். அவன் மனைவியும் அதைப் பார்த்தாள். அவள் கண்ணெதிரேதான் அது மறைந்தது. அவள் முகத்தில் அப்போது ஒன்றுமே இல்லாமல் போனதை அக்கா பார்த்தாள். அந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு, ‘அழியலடி, இருக்கு’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் போல ஒரு வேதனையை அவள் அதற்கு முன் பட்டதில்லை.

அவர்கள் போன பிறகு அந்தச் சாவியில் புதிதாக ஒரு லேபிள் ஒட்டினாள்: ‘இருக்கு’. பிறகு புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு வீட்டுக்கு ஒரு போல்டர் என்று இத்தனை வருஷம் வாதாடிய மனுஷன், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. “அந்தப் பொண்ணுக்குத் தெரியணுமே” என்றார்.

எப்படித் தெரிவிப்பது? சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் அக்கா துணியோடு போனாள். பச்சை கேட்டில் வெளியிலிருந்து பூட்டு தொங்கியது. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, கேட்டைத் தட்டியதும் நின்றது. யாரும் வரவில்லை. தெருவில் நின்று கத்திச் சொல்லக்கூடிய சேதியா அது? இன்னொரு நாள் போனபோது அவனே வந்து, “என்னக்கா, இவ்வளவு தூரம்?” என்று சிரித்தான். தையல்காரி தனியாக வெளியே வருவது நின்றுபோனது. புகார் கொடுக்கலாமா என்று ஜெராக்ஸ்காரர் கேட்டார். விசாரிக்க வருகிறவன் விசாரித்துவிட்டுப் போய்விடுவான், கேட் மறுபடி பூட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பெண்ணை யார் பார்ப்பது என்று அக்கா பயந்தாள். அந்தப் பயம் சரிதானா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

“பதில் வந்திருக்கான்னாவது ஒரு தடவை பாத்துடேன்” என்றார் அவர்.

“சாவி எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். அவ லெட்டரை அவதான் படிக்கணும்.”

அதற்குப் பிறகுதான் இந்தக் கண்ணை மூடும் சட்டம் வந்தது. வாடிக்கையாளர் பக்கத்துத் திரையைக் கழற்றி மூலையில் போட்டாள். மீதி ஒன்றைச் சுழலும் தாங்கியில் வைத்தாள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கண்ணை மூட வேண்டும். “அக்கா மந்திரம் போடப் போறாங்க” என்று கேலி பேசினார்கள். வங்கி மேலாளர் ஒருவர் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மூடினார். லேபிள் பெருமையை அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. வேன்காரனும் அவ்வப்போது வந்தான், சிரித்துக்கொண்டே மூடிக்கொண்டான். தெருவே மூடும்போது அவனுக்கு என்ன? கொஞ்ச நாளில், நாற்காலியில் சாய்ந்ததும் சொல்லாமலேயே மூடிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டான்.

போன வாரம் அவன் மனைவியோடு வந்தான். மருத்துவக் காப்பீட்டுக்கு அவள் புகைப்படமும் கையெழுத்தும் வேண்டுமாம். அவளை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் இடது கையில் கட்டு இல்லை. இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை.

“ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கோங்க” என்றாள் அக்கா.

“இந்த அக்கா வேற” என்று அவன் தலையைச் சாய்த்து மூடிக்கொண்டான். தையல்காரியும் மூடிக்கொண்டாள். ஜெராக்ஸ்காரர் வெறும் தாள்களை மிஷினில் வைத்து ஓடவிட்டார். அக்கா ‘இருக்கு’ என்று அடித்தாள், ஒரே ஒரு வரி வந்தது. திரையை மெல்லத் திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை, ஜெராக்ஸ்காரர் அதற்கு எப்போதோ எண்ணெய் போட்டு வைத்திருந்தார். தையல்காரியின் மணிக்கட்டை ஒரு விரலால் தொட்டாள். அவள் திறக்கவில்லை. இமைகள் இன்னும் இறுகின.

“ஆச்சாக்கா?” என்றான் வேன்காரன்.

“இன்னும் இல்ல தம்பி. திறந்துடாதீங்க.”

அக்கா மறுபடி தொட்டாள், இந்த முறை விரலை எடுக்கவில்லை. தையல்காரி கண்ணைத் திறந்தாள். திரையில் தன் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த வார்த்தையைப் படித்தாள், உதடு அசைந்தது. பிறகு யாரும் சொல்லாமலேயே, முன்னைவிட இறுக்கமாக, கண்ணை மூடிக்கொண்டாள்.