எக்ஸ்ரே அண்ணாச்சி சேர்த்த ஆட்கள்

சென்னையிலிருந்து வந்த தந்தியை ஆபீஸ் பியூன் நேராக எங்கள் லேபுக்கே கொண்டுவந்துவிட்டார். வேறு யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மலேரியா ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். "எக்ஸ்ரே சாப் குஸர் கயா" என்றார். இந்தியில் கேட்டதாலோ என்னவோ, ஒரு கணம் அது யாரோ தெரியாதவரின் சாவுச் செய்தி போல இருந்தது. தாளில் சண்முகவேல் என்ற பெயரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வெளியே பூட்டிய எக்ஸ்ரே அறைக்கு முன்னால், கையில் கட்டுப் போட்ட மரக்கிடங்குத் தொழிலாளி ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார். இன்றைக்கு அறை திறக்காது என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

போர்ட் பிளேரில் உங்களில் பலர் அவருக்கு முன்னால் ஒருமுறையாவது சட்டையைக் கழற்றி நின்றிருப்பீர்கள். "மூச்ச இழு, புடி, விடு" என்பார். வங்காளிகள் வந்தால் அதையே இந்தியில் சொல்வார். தூத்துக்குடிக்காரர். சென்னையில் எக்ஸ்ரே படிப்பை முடித்த கையோடு தீவுக்கு வந்தவர். அப்போது இந்த ஊரில் அந்த வேலை தெரிந்த இன்னொருவர் கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

குடியேற்றக் கிராமங்களிலிருந்து எலும்பு முறிந்த குழந்தைகளைப் படகில் கொண்டுவருவார்கள். இருட்டறையையும் இயந்திரத்தையும் பார்த்ததுமே குழந்தைகள் அலறும். ஒருமுறை நான் ரத்தம் எடுக்கப் போனபோது, கால் முறிந்த சிறுமி ஒருத்தி மேஜையில் துள்ளிக்கொண்டிருந்தாள். சண்முகவேல் அவள் காலைத் தன் இரு கைகளாலும் பிடித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, பொத்தானை அழுத்தும்படி உதவியாளருக்குத் தலையசைத்தார். படம் துல்லியமாக விழுந்தது. பல வருடங்களாக அப்படித்தான் எடுத்தார். அவருடைய நகங்கள் கறுத்திருந்தன, விரல் தோல் வெடித்திருந்தது. கேட்டதற்கு, "டெவலப்பர் மருந்துவே, ஒண்ணுமில்ல" என்றார். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். அவரும் நம்பினார்.

அறுபதுகளின் நடுவில் அவர் விடுமுறையில் மெயின்லாந்து போனார். கூடப் படித்த நண்பர் ஒருவர், சென்னையில் நடந்த எக்ஸ்ரே தொழில்நுட்பர்கள் சங்கக் கூட்டத்துக்கு அவரை வற்புறுத்தி அழைத்துப்போயிருக்கிறார். திரும்பி வந்ததும் ஷாதிபூரில் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அங்க மூத்தவர் ஒருத்தர் எனக்குக் கை குடுத்தாருவே. அவருக்கு ரெண்டு விரல் இல்ல. புடிச்ச கைய விடாம திருப்பிப் பாத்தாரு. எத்தன வருஷமா கையால புடிச்சுப் படம் எடுக்கீங்கன்னு கேட்டாரு. நான் வாயே தொறக்கலியே, எப்படித் தெரியும்னேன். எனக்கும் நகம் இப்படித்தான் மொதல்ல கறுத்துதுன்னாரு."

அவர் மனைவி செண்பகம் தேநீர்க் கோப்பைகளோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"மருந்துதானேன்னு இருந்தேன்வே. எக்ஸ்ரே கதிருதான் கைய எரிச்சிருக்கு. அந்தக் கூட்டத்துல சின்னப் பயலுகளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல" என்றார் சண்முகவேல். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றே அந்தச் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறார். வந்தவர் எங்களைச் சும்மா விடவில்லை. என்னை லேப் தொழில்நுட்பர்கள் சங்கத்தில் சேர வைத்தார். வார்டு வார்டாகப் போய் நர்ஸ்களைக் கேட்டார். பத்துபஸ்தியில் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம்கூட, "உம்ம தொழிலுக்குச் சங்கம் ஒண்ணும் இல்லையா?" என்று விசாரித்தார். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஒருநாள் நர்ஸ் ஒருவர், "அதனால எனக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார். "ஒண்ணும் கிடைக்காதும்மா. ஆனா இதே வேலை செய்யுற இன்னொருத்தர் உன்னப் பாப்பாங்க. பாத்தா அவங்களுக்குப் புரியும்" என்றார்.

அலுவலகத்தில் இது வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. ஓர் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "யூனியன் ஆரம்பிக்கிறீர்களா?" என்றார். "இல்ல சார். சம்பளம் கேக்கிறதுக்கு இல்ல, வேலையச் சரியாத் தெரிஞ்சுக்கிறதுக்கு" என்று சண்முகவேல் சொன்னார். அதிகாரி தலையாட்டி அனுப்பிவிட்டார். சண்முகவேலுக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவேயில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வடக்கே ரங்கத் என்ற ஊருக்குச் சிறிய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று வந்தபோது, குடியேறிய வங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த பிமல் என்பவரை அங்கே நியமித்தார்கள். மலேரியாப் பரிசோதனைக்காக நான் ரங்கத் கிளம்பினேன். சண்முகவேலும் தன் விடுப்பைச் செலவழித்துக்கொண்டு அதே படகில் ஏறிவிட்டார். பிமல் எங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் மீன்குழம்பும் சோறும் போட்டார். ஆனால் சங்கம் என்ற பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"நவ்கரி சலா ஜாயேகா, தாதா" என்றார். வேலை போய்விடும் என்ற பயம். அகதியாக வந்த குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் அவருடையது. அந்தப் பயத்தை நாங்கள் எப்படிக் குறைசொல்வது?

சண்முகவேல் வாதாடவில்லை. கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கையைத் தரையில் வைத்துக் காட்டினார். விரல் நுனி அப்போது ஆறாத புண்ணாகிவிட்டிருந்தது. பிமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அவருடைய தாயார்தான் அழுதார். "சைன் கரோ, பேட்டா" என்று மகனிடம் சொன்னார். பிமல் சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இயந்திரத்தின் முன் நிற்பவர் கதிர் படாமலிருக்க அணியும் ஈய ஏப்ரன், ஈயக் கையுறை ஆகியவற்றை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைச் சங்கத்துக்காரர்கள்தான் அவருக்கு எழுதிச் சொன்னார்கள். பலமுறை கேட்ட பிறகு கப்பலில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதை அவர் ரங்கத்துக்கு அனுப்பிவிட்டார். நான் சண்டை போட்டேன்.

"பிமலுக்கு இன்னும் எதுவும் வரலவே. வராம இருக்கட்டும். எனக்கு இனிமே இது எதுக்கு?"

"செண்பகம் அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி?"



அடுத்த மழைக்காலத்தில் விரலை எடுத்தார்கள். பிறகு அக்குளில் கட்டி வந்தது. மெயின்லாந்துக்குப் போகச் சொன்னார்கள். தங்கள் மகளை இங்கே டாலிகஞ்சில் இருந்த எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அவரும் செண்பகம் அக்காவும் கப்பல் ஏறினார்கள். படிக்கட்டில் ஏறும்போது, "புதுசா ஆள் போடுவாங்க. வந்த அன்னைக்கே சங்கத்துல சேரச் சொல்லிரும்" என்றார். நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

தந்திக்குப் பிறகு வந்த கப்பலில் செண்பகம் அக்கா திரும்பி வந்தார். மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு எங்களிடம் சொன்னார்:

"சாகும்போது நான் மட்டுந்தான் இருந்தேன் தம்பி. ஊருக்குத் தந்தி குடுத்தும் யாரும் வந்து சேரல. ஆஸ்பத்திரி வாசல்ல என்ன செய்யன்னு தெரியாம நின்னேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. டியூட்டில இருந்து அப்படியே வெள்ளைக் கோட்டோட வந்தாங்க. நாங்க எக்ஸ்ரேக்காரங்கம்மான்னு சொன்னாங்க. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது. விரல் இல்லாத அந்தப் பெரியவரும் வந்தாரு. வண்டி பிடிச்சது, சாமான் வாங்குனது எல்லாம் அவங்கதான். இவுகளத் தூக்குனதும் அவங்கதான். இவுக தம்பி கொள்ளி வைக்கத்தான் வந்து சேர்ந்தாரு."

இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆறுதலாக இல்லை. அவரைத் தூக்க வந்தவர்களில் ஒருவராவது பல வருடங்களுக்கு முன்பு, அந்த நகங்கள் கறுக்கத் தொடங்கியபோது, அவர் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு கேள்வி. இந்த ஊருக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும், சாப்பாடு, குவார்ட்டர்ஸ் பற்றி விசாரித்த கையோடு, உங்கள் தொழில்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தாயிற்றா என்று கேட்கிறேன். சிலர் என்னை வினோதமாகப் பார்க்கிறார்கள். இன்னொரு முறை கேட்கிறேன். சண்முகவேல் கப்பலை விட்டு இறங்கிய நாளில், அவரிடம் அதைக் கேட்க இந்தத் தீவில் ஒருவரும் இல்லை.