அம்மாவின் தாய் எவ்வளவு?

பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருந்த என் அத்தை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் போன் செய்வாள். அப்பாவின் அக்கா அவள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். போன் மணி அடித்ததும் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு டிவி அணைந்துவிடும். மின்விசிறியைக்கூட அப்பா குறைத்து வைப்பார். எனக்குப் பத்து வயதான வருஷம், ஜூன் மாதத்தில் வந்த போனை நான்தான் எடுத்தேன். அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அத்தை எடுத்த எடுப்பில், "உங்கம்மாவோட தாய் எவ்ளோ?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுடைய தாய் என்றால் அரியாங்குப்பத்து ஆயா. எவ்வளவு என்று கேட்டால் வயதைத்தான் கேட்கிறாள்.

"ஆயாவுக்கு அறுவதுக்கு மேல இருக்கும் அத்தை."

 அந்தப் பக்கம் அத்தை சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. தாய் என்றால் பிரெஞ்சில் உடுப்பின் அளவாம். அம்மாவுக்கு ஒரு ரோப் வாங்கப் போகிறாளாம், சைஸ் வேண்டுமாம். ரோப் என்றால் நீளக் கவுன் என்பது எனக்குத் தெரியும். அத்தை அனுப்பும் போட்டோக்களில் எல்லாம் அவள் ரோப்பில்தான் இருப்பாள்.

நான் கத்திக் கேட்டேன். அம்மா மாவுக் கையோடு வாசற்படிக்கு வந்து, "முப்பத்தாறு" என்றாள். ஜாக்கெட் தைக்கத் துணி கொடுக்கும்போது சொல்லும் எண் அது.

"முப்பத்தாறா? இன்னுமா?" அத்தையால் நம்ப முடியவில்லை. "குடுத்து வச்சவ கண்ணு உங்கம்மா."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். எதற்குக் கொடுத்து வைத்தவள் என்று அவளுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அன்றைக்கு மாவு வெகுநேரம் பிசையப்பட்டது. சப்பாத்தி அவ்வளவு மிருதுவாக அதற்கு முன் எங்கள் வீட்டில் வந்ததில்லை.

அத்தை இப்படி வியந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவளுடைய எலும்பை எண்ணிவிடலாம் என்பார்கள். பெண் பார்த்துவிட்டு வந்து, "எலும்பும் தோலுமா இருக்கா, ஒடம்புல எதுனா இருக்குதான்னு விசாரிச்சுக்கோ" என்று அப்பாவிடம் சொன்னதே இந்த அத்தைதான். கல்யாணத்தன்று அம்மாவுக்கு இரண்டு உள்பாவாடை கட்டி, கழுத்தெலும்பு தெரியாமல் இருக்க மாலையை மேலே தூக்கி ஊசி குத்தினார்கள். அதன்பின் இந்த வீடு அவள் உடம்பைத் தேற்றுவதையே ஒரு காரியமாக எடுத்துக்கொண்டது. உளுந்தங்களி, முட்டை, நல்லெண்ணெய், ராத்திரி இரண்டு வாழைப்பழம். நான் பிறந்த பிறகுதான் தெருப் பெண்கள், "இப்பதான் குடும்பத்துப் பொண்ணு மாரி இருக்கா" என்று ஒப்புக்கொண்டார்களாம். அம்மாவின் சதை புருஷன் வீட்டுக்குப் பெருமை. அந்தக் கல்யாணப் போட்டோ இன்றும் அம்மாவின் வீட்டில் மாட்டியிருக்கிறது. போன மாதம் அதன் முன்னால் நின்ற என் மகள், "ஆயா செம ஃபிட்டா இருந்திருக்காங்கல்ல?" என்றாள். எந்தக் கழுத்தெலும்பை மறைக்க அவ்வளவு பாடுபட்டார்களோ அதைத்தான் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அத்தையும் மாமாவும் ஜூலை முதல் வாரத்தில் வந்தார்கள். தங்கியது ரெட்டியார்பாளையத்தில் மாமாவின் தம்பி வீட்டில். பொழுது பாதியும் எங்கள் வீட்டில். ரோப்பைக் கடைப்பையிலிருந்து அத்தையே எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள். கருநீலம், அதில் அரிசி அளவு வெள்ளைப் பூக்கள், முதுகில் ஜிப். மாமாவின் பட்டாள நண்பர்கள் பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி குடும்பத்தோடு ஓட்டலில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அந்த வருஷம் எங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா அந்த ரோப்பில் வரவேண்டும் என்பது அத்தையின் ஆசை.

பாவாடை தாவணியிலிருந்து நேராகப் புடவைக்குப் போனவள் அம்மா. கவுன் வேண்டும் என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஆனால் அத்தையின் போட்டோ வந்தால், எல்லோரும் பார்த்து முடித்தபின் அதை எடுத்து வைப்பவள் அவள்தான், எடுத்து வைக்க நேரமாகும்.

அன்று மாலை என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டாள். முதுகைக் காட்டி நின்று, "இழு" என்றாள். ஜிப் இடுப்புவரை சிரமப்பட்டு ஏறியது. அதற்குமேல் அசையவில்லை. அம்மா மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் கட்டில்மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். இரண்டு ஓரத்துக்கும் நடுவே நான்கு விரல் வைக்கலாம்போல முதுகு தெரிந்தது.

"உள்ள நம்பர் என்னா போட்டிருக்குது பாரு."

கழுத்துப் பட்டியில் தைத்திருந்த சிறு துணியைத் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தாறு.

அம்மா ரோப்பைக் கழற்றி மடித்து வைத்தாள். இன்று என் அலமாரியில் எம், எல், எக்ஸ்எல் மூன்றும் தொங்குகின்றன. மூன்றும் எனக்குத்தான், மூன்றும் சரியாக இருக்கின்றன. போனில் பார்த்து வாங்கியது சேரவில்லை என்றால் கடைக்காரனைத் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவுக்குத் திட்ட யாருமில்லை. சொன்ன எண் முப்பத்தாறு, வந்த எண் முப்பத்தாறு. வெளியே போய் அத்தையிடம், "அளவெடுத்துத் தச்சாப்புல இருக்குது அண்ணி" என்றாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு பார்வை போதும்.

மறுநாளிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "நான் அப்பவே சாப்டுட்டேன்" என்பாள். காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம், மாலையில் சீனி இல்லாத டீ. விடிந்தும் விடியாமலும் கடற்கரைவரை நடந்து போய் வருவாள். அப்பாவிடம் காற்று வாங்கப் போவதாகச் சொன்னாள். தினமும் சாயங்காலம் கதவைத் தாழிட்டு எங்கள் சோதனை நடக்கும். நான் விரலை வைத்து அளந்து சொல்வேன். "நாலு." "நாலு." "மூணரை." மூன்றரை என்ற அன்று அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வீட்டில் அப்பாவுக்கும் தெரியாத ஒரு ரகசியம் என்னிடம் இருந்தது. அம்மாவின் பங்கு வடையும் எனக்குக் கிடைத்தது. இதைவிட நல்ல நாட்கள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் தேதி அத்தைக்காக வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். சட்டியை இறக்கி வைத்தவள் சுவரில் சாய்ந்தாள், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள், பிறகு தலை தொங்கிவிட்டது. அத்தை ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்தாள். அம்மா கண் திறந்ததும் மீன் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான், இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தினி நாளு ஆச்சு?" என்று அத்தை காதோடு கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாமயா மயக்கம் வருது? பத்து வருஷம் கழிச்சு வந்தா என்னா, வெக்கப்படாத."

எதிர்வீட்டு அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து, தம்பி வேண்டுமா தங்கச்சி வேண்டுமா என்றாள். அம்மா மறுக்க மறுக்க அவர்களுடைய சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "பாப்பா எல்லாம் இல்ல. ஜிப்பு இன்னும் மூணு விரல் இருக்குது, அதான் அம்மா சாப்புடல."

முழுக்கதையும் என்னிடமிருந்து அத்தை இரண்டு நிமிஷத்தில் வாங்கிவிட்டாள். எதிர்வீட்டு அக்காவை நாசூக்காக அனுப்பிவிட்டு ரோப்பை எடுத்துவரச் சொன்னாள். அம்மாவைப் போடவைத்து, முதுகைப் பார்த்து, கழுத்துப் பட்டியில் எண்ணைப் பார்த்து, முதலில் சிரித்தாள்.

"அடிப் பைத்தியக்காரி, அந்த ஊரு முப்பத்தாறு வேற. இஞ்சு கணக்கே கெடையாது அங்க. ஒல்லியா கொடி மாரி இருக்கறவளுங்க போடறது அது. நீ நம்ம ஊரு கணக்க சொன்னியா? நான் நீ கல்யாணத்துல இருந்த மாரியே இருக்கறன்னு நெனச்சுட்டு வாங்கினு வந்துட்டேன். நேர்ல பாத்தப்பகூட நீயே சரியா இருக்குன்ன, நானும் விட்டுட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. "நம்பரு சரியா இருந்துச்சு அண்ணி. அப்ப ஒடம்புதான தப்புன்னு நெனச்சேன்" என்றாள்.

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து ரோப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அந்த ஊரு கணக்குல நீங்க எத்தினி அண்ணி?" அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

 எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டில் துவைத்து மாடியில் காயப்போட்ட அத்தையின் துணிகளை மடித்தது நான்தான். ஒன்றிலும் எண் இல்லை. கழுத்துப் பட்டியில் அந்தச் சிறு துணி இருந்த இடத்தில் கத்தரித்த நூல்தான் இருந்தது.

"உறுத்தும் கண்ணு, அதான் வெட்டிடுவேன்" என்றாள் அத்தை. அம்மா என்னைப் பார்த்து வேறு ஏதோ வேலை சொன்னாள்.

எதிர்வீட்டு அக்கா நான் சொன்னதை நம்பவில்லை போலிருக்கிறது, இதற்குள் தெருமுனையிலேயே அப்பாவுக்குப் பிள்ளைச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெட்டி ஜாங்கிரியோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அம்மா அதை வாங்கிப் பிரித்து, நின்றபடியே மூன்று சாப்பிட்டாள்.

ரோப் வீணாகவில்லை. அந்த ஊர்ப் பெண்களின் உயரத்துக்குத் தைத்தது, அம்மாவுக்குத் தரையில் ஒரு ஜாண் புரண்டது. எங்கள் தெரு டைலர் கீழே மிஞ்சிய துணியை வெட்டி இரண்டு பக்கவாட்டிலும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். பதினாலாம் தேதி ஜிப் ஒரே இழுப்பில் கழுத்துவரை ஏறியது. ஓட்டலில் பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் அம்மாவின் ரோப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "உங்க தாய் எவ்ளோ?" என்றாள். என்னைப் போல அம்மா குழம்பவில்லை. "முப்பத்தாறு" என்றாள். அந்தப் பெண் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். திருத்தவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் கிளம்ப வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்னால் அத்தைக்கு மூன்று ஜாக்கெட் தைக்கலாம் என்று அம்மா சொன்னாள். அத்தை வேண்டாம் வேண்டாம் என்றுதான் வந்தாள். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடலாம், அதை வைத்துத் தைக்கட்டும் என்றாள். பழையது எதுவும் சேராது என்று அவளே பிறகு சொன்னாள். டைலர் கடையில் மூன்று நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். டைலர் தோளிலிருந்து டேப்பை எடுத்ததும் அத்தை தெருவைப் பார்த்தாள்.

அவர் அளந்து, உள்ளே பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நோட்டில் எழுதிக்கொள்வதற்காக, "நாப்பத்திநாலு" என்று உரக்கச் சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்களேன்" என்றாள் அத்தை.

"என்னா மேடம்?"

"ஒண்ணுமில்ல."

பெஞ்சில் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு மீன்கார அம்மா டைலரிடம், "எனக்கும் நாப்பத்திநாலுதான, போன தபா கைய டைட்டா வச்சுட்ட. அவங்களுக்காவது பாத்து வெட்டு" என்றாள். பிறகு அத்தை பக்கம் திரும்பி, "கைக்கு ஒரு இஞ்சு சேத்துச் சொல்லுக்கா, இல்லன்னா தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கருவாடு விலையைப் பற்றிப் பக்கத்திலிருந்தவளோடு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அத்தை அந்த மீன்கார அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டைலர் கை அளவு எடுக்க, "கைய நீட்டுங்க" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நீட்டிய கையின் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் நான் அம்மாவிடம் அத்தை ஏன் அழுதாள் என்று கேட்டேன். ஊருக்குப் போகிறார்கள் அல்லவா, அதனால்தான் என்றாள் அம்மா. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் முழுசாக ஆறு நாள் இருந்தது. அதற்குள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.