தம்பி முகம் வைத்த பூதம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நாளில் எங்களோடு இருக்க வந்த உறவினருக்கும் நண்பர்களுக்கும், அம்மா வாழ்ந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா பிறந்தது வாசுதேவநல்லூர். வாழ்க்கைப்பட்டு வந்தது தென்காசி. புதுவீட்டு வாசலில் மாட்டும் திருஷ்டிப் பூதங்களை அப்பா காகிதக் கூழில் செய்தார்கள். கேட்டவர் கேட்டபடி பல்லும் கொம்பும் வைப்பார்கள். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர்வரை அடித்து அவற்றை ஊறவைத்துவிடும். சாரல் ஓய்ந்ததும் காது தொங்கியும் மூக்கு கரைந்தும் திரும்பி வரும். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, ஒட்டுப்போட்டு, மறுபடி சாயம் பூசுவது அம்மாவின் வேலை. அப்பா காய்ச்சலில் போனபின் அந்த வேலையால்தான் என்னையும் தங்கையையும் வளர்த்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், அச்சன்புதூர் அண்ணாச்சி ஒருவர் சாக்கில் சுற்றிய பூதத்தோடு வந்தார். அம்மாவுக்கு அது நினைவிருந்தது. வயல் பங்குச் சண்டையில், உடன்பிறந்த தம்பியின் முகத்தை வைத்துச் செய்யச் சொல்லி, தம்பி வீட்டைப் பார்க்க மாட்டியிருந்தார். அப்பா சுரண்டைச் சந்தையில் அந்தத் தம்பியைப் பார்த்துவந்து செய்தது.

“இன்னும் உங்க கோவம் தீரலையா அண்ணாச்சி? இத நான் தொட மாட்டேன்” என்றார்கள் அம்மா.

“தம்பி போயிட்டான் தங்கச்சி. போட்டோ ஒண்ணுகூட எடுக்கல. அவன் மூஞ்சின்னு இருக்கது இது ஒண்ணுதான். கொம்பையும் பல்லையும் மட்டும் எடுத்துக் குடு.”

அம்மா சாக்கைப் பிரித்தார்கள். பிறகு, “நான் அவுகளப் பாத்ததே இல்ல. அவுக வீட்டம்மா பக்கத்துல இருந்து சொன்னாத்தான் முடியும்” என்றார்கள்.

“அவ எங்கிட்டப் பேச மாட்டா. அவன் சாவுக்குத் துட்டி கேக்கப் போயி வாசலோட திரும்புனவன் நான்.”

அம்மாவே பஸ் ஏறி அச்சன்புதூர் போனார்கள். பூதம் என்று கேட்டதுமே தம்பியின் மனைவியான அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார்கள். “அவுக முகத்தத் தப்பாச் செஞ்சிரக் கூடாதுன்னுதான் கூப்பிடுதேன்” என்று வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார்கள் அம்மா. மறுவாரம் அந்த அம்மாள் வந்தார்கள்.

எங்கள் முற்றத்தில் அண்ணாச்சியும் அந்த அம்மாளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். அம்மா கொம்பை அறுத்தார்கள். கோரைப்பல்லை எடுத்து வாயை மூடினார்கள். முழித்த கண்ணைச் சிறிதாக்கினார்கள். அந்த அம்மாள் அம்மாவிடம் மட்டுமே பேசினார்கள்.

“சிரிச்சா வலது கன்னத்துல குழி விழும்.”

“இடது” என்றார் அண்ணாச்சி.

“வலதுதான் அத்தான். எனக்குத் தெரியாதா?”

அண்ணாச்சி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அம்மாளும் அழுதார்கள். அம்மா ஈரக் கூழை வலது கன்னத்தில் அப்பி, பெருவிரலால் மெல்ல அழுத்தினார்கள்.

சாயம் காய்ந்தபின் அந்த முகம் பஸ்ஸில் அந்த அம்மாளின் மடியில் போயிற்று. “மூஞ்சி உங்க அப்பா செஞ்சது. கொம்பத்தான் நான் எடுத்தேன்” என்பதற்குமேல் அம்மா இதைப்பற்றிப் பேசியதில்லை.

கடைசி மாதங்களில் மூச்சுத்திணறலால் அம்மா மிகவும் அவதிப்பட்டார்கள். நேரம் பாராமல் வந்து பார்த்த டாக்டர், தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தார், தோள் கொடுத்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அம்மாவைக் குளிப்பாட்டும்போது நகக்கண்ணில் இருந்த பச்சைச் சாயத்தை ஒருத்தி தேய்க்கப் போனாள். “அது இருக்கட்டும்ட்டி” என்று எங்கள் அத்தை தடுத்தார்கள். அத்தைக்கும் நன்றி.