முனை மடித்த சீட்டு

பொம்மனஹள்ளி கிளினிக்கில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இஸ்திரி போடுவது. கார்மெண்ட்ஸில் ஆறு வருடம் நின்றுகொண்டே சட்டை தேய்த்ததில் காலில் நரம்பு சுருண்டுகொண்டது. இனி நிற்கிற வேலை கூடாது என்று சொன்ன டாக்டரிடமே, உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு மாசம் ரிசப்ஷன்ல உக்காந்து பாருங்கம்மா. அக்கா சரின்னு சொன்னா அப்படியே கண்டினியூ பண்ணலாம்."

பயோடேட்டா ஒன்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

அக்கா பதினோரு வருடமாக அந்த ரிசப்ஷனில் இருப்பவர். வருகிறவர்களிடம் தமிழ், கன்னடம், உருது என்று மூன்றிலும் வாய் ஓயாது. ரிப்போர்ட் வாங்க வந்த அம்மாளிடம், கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வந்தாளா என்றுகூட விசாரிப்பார். என்னிடம் மட்டும் வாய்க்குப் பூட்டு. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பாத்துக்கோ." பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! பார்த்தாலே எல்லாம் புரிந்துவிடும் என்றால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

ஈசிஜி பேப்பர் ரோல் வந்தது. எங்கே வைப்பது என்று நர்ஸிடம் கேட்டேன். அக்காவைக் கேள் என்றார். அக்காவோ நர்ஸைக் கேள் என்றார். மத்தியானம் வரை அந்த ரோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம், நோயாளிகளின் சீட்டுகளை டோக்கன் வரிசைப்படி அடுக்கி டாக்டர் மேஜையில் வைக்கும் வேலையை அக்கா என்னிடம் தள்ளிவிட்டார். சில சீட்டுகளின் வலது முனை மடிந்து கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? ஆறு வருடப் பழக்கம். ஒவ்வொரு முனையையும் பிரித்து, கட்டைவிரல் நகத்தால் நீவி, கனமான ரிஜிஸ்டரை மேலே வைத்து அழுத்தினேன். அடுக்கு அத்தனை நேர்த்தியாக இருந்தது. அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கவாட்டில் சரிந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து குளுக்கோஸ் கரைத்துப் புகட்டினார். அவர் தேறி உட்கார்ந்ததும் அவர் மகள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "நடுங்கிட்டிருக்காருன்னு வந்ததுமே சொன்னேன்ல?"

அவள் சொன்னது அக்காவிடம். அக்கா சீட்டின் முனையை மடித்துத்தான் வைத்திருந்தார்.

டாக்டர் வெளியே வந்தார். "மடிச்ச சீட்டு ஒண்ணுகூட வரலையே, ஏன்?"

அக்கா உள்ளே போய்ப் பெரியவரின் சீட்டை எடுத்துவந்தார். மடிப்பு இருந்த கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுசு சார். அயர்ன் பண்ணிட்டா."

நர்ஸ் சிரித்தேவிட்டார். எனக்குக் காது வரை எரிந்தது.

"முனை மடிச்சா அவசரம்னு அர்த்தம். இதெல்லாம்கூட சொல்லணுமா?" என்றார் அக்கா, டாக்டர் உள்ளே போனதும்.

"சொல்லணும்க்கா. நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

அங்கே நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் பாத்ரூமில் போய் அழுதேன். அந்தப் பெரியவர் சரிந்தது என் கையால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருட அனுபவத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை எனக்குக் கொடுத்திருந்தால் அவர் சரிந்திருக்க மாட்டார். அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை.

அதன் பிறகு அக்கா "பாத்துக்கோ" என்பதையும் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் என்ன சொல்லப்போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் கார்மெண்ட்ஸ் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் கால் தானாகக் கடுத்தது.

மாதக் கடைசி நாள். சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, என் அடுக்கின் நடுவே செருகினார். "உள்ள வெச்சுட்டு வா."

டாக்டர் அறை வாசலில்தான் கவனித்தேன். அது என் பயோடேட்டா. வலது முனை மடித்திருந்தது.

கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அந்த முனைக்குப் போய், நின்றது. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் முதலில் அதைத்தான் உருவினார், படித்தார், தலையாட்டினார்.

வெளியே வந்தேன். அக்கா யாரிடமோ மருமகள் கதை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது நன்றியா எரிச்சலா என்று தெரியவில்லை. வாயால் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? இப்போதாவது சொல்வாரா என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"என்ன நிக்கிற? உக்காரு."